சோலார் ஆப் ‘ஆஃப்லைன்’ காட்டுகிறதா? முதலில் கிராஃபில் விழுந்த ஓட்டையைப் படியுங்கள்

கேள்வி: கூரையில் 5 கிலோவாட் சோலார் வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இன்வெர்ட்டரின் (பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) அடியில் செருகிய வைஃபை லாகர் (உற்பத்தித் தகவலைச் சேகரித்து அனுப்பும் சிறு கருவி) வழியாகத்தான் ஆப்புக்குத் தகவல் போகும். ரவுட்டரை மாற்றியதிலிருந்து மூன்று வாரமாக ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது. அதற்கு முன்பும் கிராஃபில் அங்கங்கே ஓட்டை விழும். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறது. உற்பத்தி நடக்கிறதா? இன்வெர்ட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடலாமா?

ரீசெட் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆப் நின்றதும் பலருடைய கை அந்தப் பட்டனுக்குத்தான் போகிறது. இன்வெர்ட்டரை அப்படித் துடைத்துவிட்டால் கிரிட்டுக்காக, அதாவது பொது மின்வலையமைப்புக்காகப் பதிந்து வைத்த மின்னழுத்த, அதிர்வெண் வரம்புகளும், மீட்டருக்கும் லாகருக்கும் கொடுத்த முகவரி எண்களும் சேர்ந்து அழிந்துபோகலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்வெர்ட்டரே நின்றுவிடலாம். லாகரை மட்டும் ரீசெட் செய்வது வேறு விஷயம்; அது பிறகு தேவைப்படலாம்.

உற்பத்தி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆப்பே தேவையில்லை. இன்வெர்ட்டரின் திரையில் ‘மொத்த உற்பத்தி’ என்று ஒரு எண் இருக்கும். இன்று மாலை அதைக் குறித்துக்கொள்ளுங்கள், நாளை மாலை அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். 5 கிலோவாட் அமைப்பு நல்ல வெயில் நாளில் 20 யூனிட் அளவில் கூட வேண்டும். மேகமூட்டமான நாளில் பாதிகூட வராது. எண் ஏறியிருந்தால் உங்கள் மின்சாரம் வீணாகவில்லை. அந்தக் கணக்கு இன்வெர்ட்டரின் உள்ளேயே எழுதப்படுகிறது, இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. பல லாகர்கள் சில நாள் தகவலைத் தாங்களே சேமித்து வைத்து, தொடர்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்பி ஓட்டையை நிரப்பிவிடும். அப்படிச் சேமிக்காத லாகர் என்றால் கிராஃபின் வளைவு போய்விடும், மொத்தக் கணக்கு போகாது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இரண்டும் முக்கியமானவை. கிரிட்டுக்கு மின்சாரம் வெளியே போகாமல் தடுக்கும் அமைப்பு உங்களிடம் இருந்தால், மெயின் பெட்டியில் உள்ள ஒரு மீட்டர் இன்வெர்ட்டரோடு பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு அறுந்தால் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காக உற்பத்தியைக் குறைத்துவிடும், சில மாடல்கள் முழுதும் நிறுத்திவிடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே போகும் தகவல் கேபிளும் அப்படித்தான்: அது கழன்றால் பல அமைப்புகளில் சார்ஜ் ஏறுவதே நின்றுபோகும். இவை இரண்டும் வெறும் ‘ஆப் பிரச்சினை’ அல்ல, அன்றைக்கே கவனிக்க வேண்டியவை.

இனி தேடும் முறைக்கு வருவோம். கூரையிலிருந்து உங்கள் கைபேசி வரை தகவல் ஓர் அஞ்சல் ஓட்டம் போல கைமாறிக் கைமாறி வருகிறது. பேனலிலிருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து லாகர், லாகரிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து நிறுவனத்தின் சர்வர், சர்வரிலிருந்து ஆப். இதில் எந்தக் கை தவறவிட்டாலும் ஆப் சொல்வது ‘ஆஃப்லைன்’ என்ற ஒரே வார்த்தையைத்தான். ஆகவே அந்த வார்த்தையை விட்டுவிட்டு கிராஃபைப் பாருங்கள். எந்தக் கை தவறவிட்டது என்பது ஓட்டையின் வடிவத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். எதையாவது கழற்றி மாட்டுவதற்கு முன்பு, கடந்த ஒரு மாத கிராஃபை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒரு நாள், ஒரு நிமிடத்தில் நின்று, பிறகு வரவே இல்லை என்றால் அன்று வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது: ரவுட்டர், பாஸ்வேர்டு, இணைய சேவை, சிம். சின்னச் சின்ன ஓட்டைகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் வைஃபை சிக்னல் பலவீனம். தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் விழுந்தால் அந்த நேரத்தில் ஓடும் ஏதோ ஒரு கருவி, அல்லது ரவுட்டரில் யாரோ வைத்த நேரக் கட்டுப்பாடு, அல்லது உச்சி வெயிலில் சூடேறும் லாகர். ஒன்றிரண்டு பேனல் மட்டும் காணாமல் போனால் இணையத்தைத் தொடவே வேண்டாம், கோளாறு கூரைப் பக்கம். இரவு முழுக்க ஆஃப்லைன், விடிந்ததும் சரியாகிறது என்றால் அது கோளாறே இல்லை. பேட்டரி இல்லாத பல இன்வெர்ட்டர்களில் லாகருக்கான மின்சாரம் இன்வெர்ட்டரிலிருந்துதான் வருகிறது. வெயில் போனால் இரண்டும் சேர்ந்தே தூங்கிவிடும்.

இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ‘தகவல் இல்லை’ என்பது வேறு, ‘பூஜ்யம்’ என்பது வேறு. நடுப்பகலில் ஒரு மணி நேரம் கோடு விழுந்து, மறுபடி எழும்போது அன்றைய மொத்த யூனிட் சட்டென்று தாவியிருந்தால், உற்பத்தி நடந்திருக்கிறது, தகவல்தான் வரவில்லை. மொத்தம் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால், அந்த ஒரு மணி நேரம் இன்வெர்ட்டர் உண்மையிலேயே நின்றிருக்கிறது. கிரிட்டின் மின்னழுத்தம் கூடியதால் இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்வது இப்படித்தான் தெரியும். அதை வைஃபை கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் ரவுட்டரை நோண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கிராஃபில் இரண்டு கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்று வாரமாக வராதது ரவுட்டர் மாற்றத்தால். அதற்கு முந்தைய சிதறிய ஓட்டைகள் அநேகமாக சிக்னல் பலவீனத்தால். முதலாவதை மட்டும் சரிசெய்தால் இரண்டாவது அப்படியே இருக்கும், ‘சரிசெய்தும் சரியாகவில்லை’ என்று தோன்றும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ரவுட்டர் மாற்றம்

லாகருக்குப் பழைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும்தான் தெரியும். புதியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. எளிய வழி, புதிய ரவுட்டரில் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துவிடுவது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி எல்லாம் ஒத்திருக்க வேண்டும். பழைய பாஸ்வேர்டு பலமானதாக இருந்தால் எனக்கு இதுவே பிடித்த வழி; வீட்டில் உள்ள மற்ற கருவிகளும் அலைக்கழியாமல் ஒட்டிக்கொள்ளும்.

அப்படிச் செய்தும் வரவில்லை என்றால் மூன்று இடத்தில் பாருங்கள். பெரும்பாலான லாகர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் கேட்கும், 5 கிகாஹெர்ட்ஸ் கேட்காது. புதிய ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து தந்து, கருவிகளை 5-க்குத் தள்ளப் பார்க்கும். இணைக்கும் நேரத்துக்காவது 5-க்கு வேறு பெயர் கொடுத்து, பழைய பெயரை 2.4-க்கு மட்டும் வையுங்கள். அடுத்தது பாதுகாப்பு முறை: புதிய ரவுட்டர்கள் சில டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்து வருகின்றன, பழைய லாகருக்கு டபிள்யூபிஏ2-தான் தெரியும். அதை டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றுங்கள். மூன்றாவது, பெயரிலும் பாஸ்வேர்டிலும் உள்ள விசேஷக் குறிகள். மேற்கோள் குறி, கமா, இடைவெளி, எமோஜி போன்றவை இருந்தால் சில லாகர்கள் பாதியிலேயே வெட்டிப் படித்துக்கொள்ளும். வைஃபையின் பெயரை மறைத்து வைத்திருந்தால் வெளியே தெரியும்படி மாற்றிவிடுங்கள்.

பெயரை மாற்ற விருப்பமில்லை என்றால் லாகருக்குப் புதியதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லாகர் தானே ஒரு வைஃபையை வெளியிடும், அதன் பெயரில் பெரும்பாலும் லாகரின் சீரியல் எண் இருக்கும். கைபேசியை அதில் இணைத்து, ஆப் வழியாகவோ பிரவுசரில் லாகரின் முகவரியைத் தட்டியோ உள்ளே போகலாம். இந்த இடத்தில்தான் பலர் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்: லாகரின் வைஃபையில் இணையம் இருக்காது என்பதால், கைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, விபிஎன் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு இணையுங்கள். லாகரின் வைஃபை கண்ணிலேயே படவில்லை என்றால் இப்போதுதான் லாகரின் ரீசெட் பட்டனுக்கு வேலை. எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

இணைந்ததா என்பதை ஆப்பில் தேடாமல் ரவுட்டரிலேயே பாருங்கள். ரவுட்டரின் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியல் இருக்கும். லாகர் பெரும்பாலும் தன் பெயரில் வராது. உள்ளே இருக்கும் சிப் நிறுவனத்தின் பெயரிலோ வெறும் எண்களாகவோ வரும். லாகரின் ஸ்டிக்கரில் அச்சிட்ட மேக் முகவரியோடு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒப்பிட்டுக் கண்டுபிடியுங்கள். பட்டியலில் இருக்கிறது, ஐபி முகவரியும் (ரவுட்டர் தரும் எண்) கிடைத்திருக்கிறது என்றால் லாகர் முதல் ரவுட்டர் வரை சரி, கோளாறு அதற்கு அப்பால். லாகரின் பக்கத்தில் அதன் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். பட்டியலிலேயே இல்லை என்றால் பெயர், பாஸ்வேர்டு, சிக்னல் மூன்றில் ஒன்று.

ரவுட்டர் வரை வந்துவிட்டு அதைத் தாண்டாத லாகர்களும் உண்டு. லாகர்தான் சர்வரை வெளியே போய்த் தேடுகிறது, சர்வர் உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. ஆகவே ரவுட்டரில் உள்ளே வரும் எந்தக் கதவையும் திறந்துவைக்கத் தேவையில்லை. அப்படித் திறக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். வெளியே போகும் வழி அடைபடாமல் இருந்தால் போதும். பல லாகர்கள் 443 அல்லது 8883 போர்ட்டில் (வெளியே போகும் வழியின் எண்) பேசுகின்றன. விளம்பரத் தடுப்பானோ குழந்தைகளுக்கான கட்டுப்பாடோ வைத்திருந்தால் பத்து நிமிடம் அணைத்துப் பாருங்கள்.

சிக்னல்

இதில் எண் பேசட்டும். கைபேசியில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, லாகரின் பக்கத்திலேயே பிடித்து அளவிடுங்கள். மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) அருமை, மைனஸ் 67 வரை நல்லது, மைனஸ் 70-க்குக் கீழே இறங்கினால் தள்ளாட்டம், மைனஸ் 80 என்றால் இல்லாத மாதிரிதான். இந்த அளவுகோல் நேர்கோட்டில் போவதில்லை: ஒவ்வொரு 10 குறையும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 60-க்கும் மைனஸ் 80-க்கும் நூறு மடங்கு வித்தியாசம். அதோடு லாகரின் ஆன்டெனா கைபேசியினுடையதைவிடச் சிறியது, இன்வெர்ட்டரின் உலோகப் பெட்டியை ஒட்டியே தொங்குகிறது. கைபேசியில் மைனஸ் 70 காட்டினால் லாகருக்கு அதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

கம்பி போட்ட கான்கிரீட் சுவர், தகரக் கூரை, இரும்புக் கதவு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை சிக்னலை விழுங்கும். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வைப்பவர்கள் அதை இன்வெர்ட்டருக்கு அருகில் வைத்துவிடுகிறார்கள். அங்கே வந்து சேர்வதே பலவீனமான சிக்னல், அதைத்தான் அது திருப்பிச் சொல்லும். ரவுட்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில், அளவு மைனஸ் 60 வட்டாரத்தில் இருக்கும் இடத்தில் வையுங்கள். ரவுட்டரில் 2.4-க்கான சேனலை 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்திவையுங்கள். அவை மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

லாகரிலோ இன்வெர்ட்டரிலோ நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் துளை இருந்தால் யோசிக்காமல் கேபிளுக்கு மாறுங்கள். 100 மீட்டர் வரை பிரச்சினையில்லை, ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்னல் கவலை தீர்ந்தது. வெளியில் ஓடும் கேபிள் என்றால் வெயில் தாங்கும் உறையும், இடிமின்னலுக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்பும் சேர்த்துப் போடுங்கள். மின்னலுக்குப் பிறகு இன்வெர்ட்டர் ஓடும், தகவல் துளை மட்டும் செத்திருக்கும். அது அடிக்கடி நடப்பது.

கம்பி வழி: ஆர்எஸ்-485

மீட்டரும் லாகரும் இன்வெர்ட்டரோடு இரண்டு மெல்லிய கம்பிகளில் பேசும் அமைப்புகள் ஏராளம். அந்த முறையின் பெயர் ஆர்எஸ்-485, 1983-இல் தரப்படுத்தப்பட்டது. அதன்மேல் பேசும் மொழி பெரும்பாலும் மோட்பஸ், அது இன்னும் மூத்தது, 1979-இல் வந்தது. பழசு என்று குறைத்து எண்ண வேண்டாம். ஒழுங்காக இழுத்தால் 1200 மீட்டர் வரை ஓடும். ஒழுங்காக இழுக்காததுதான் பிரச்சினை.

முதல் தவறு ஏ, பி கம்பிகள் மாறிப்போவது. ஒரு நிறுவனம் ஏ என்று எழுதுவதை இன்னொரு நிறுவனம் பி என்று எழுதுகிறது, ஆகவே எழுத்தை நம்பி இணைத்தவர்மேல் குற்றமில்லை. மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் எதுவும் எரிந்துபோகாது, பேச்சுதான் வராது. அடுத்தது முகவரி. ஒரே கம்பியில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 1 முதல் 247-க்குள் தனி எண் வேண்டும். இரண்டு இன்வெர்ட்டருக்கும் 1 என்றே இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், கேட்பவருக்கு இரைச்சல்தான் கேட்கும். வேகமும் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நொடிக்கு 9600 பிட் என்பது வழக்கமான அளவு.

கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம் போலப் பிரியக்கூடாது. சங்கிலியின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஏ-வுக்கும் பி-க்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 60-க்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றையும் இயக்கிவிட்டிருக்கிறார்கள். சில மீட்டர் நீளமே உள்ள சங்கிலி ரெசிஸ்டர் இல்லாமலும் ஓடிவிடும். நீளம் கூடக்கூடத்தான் தடுமாறும்.

ஆனால் இந்தத் திருகுகள் இன்வெர்ட்டரின் மூடிக்குள் இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள். ஏசி பிரேக்கரை இறக்கினாலும் பகலில் பேனலிலிருந்து வரும் டிசி உயிரோடுதான் இருக்கும். வீட்டு அமைப்புகளிலும் அது பல நூறு வோல்ட். டிசி ஸ்விட்சையும் நிறுத்திய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் சில நிமிடங்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அந்த வேலை பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. தகவல் கம்பியை டிசி கேபிளோடு ஒரே குழாயில் விட்டிருக்கிறார்களா என்று அவரிடம் கேளுங்கள், இரைச்சல் அங்கிருந்தும் ஏறும்.

இணையத்தில் படித்துவிட்டுத் தாங்களே லாகரிலிருந்து தகவல் எடுக்கும் ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இரட்டைக் கம்பியில் கேள்வி கேட்பவர் ஒருவர்தான் இருக்க முடியும். நிறுவனத்தின் லாகரும் கேட்டு, உங்கள் கணினியும் அதே கம்பியில் கேட்டால் இரண்டு கிராஃபிலும் ஓட்டை விழும். நெட்வொர்க் வழியாகக் கேட்டாலும் சில இன்வெர்ட்டர்கள் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இணைப்பைத்தான் ஏற்கும்.

மைக்ரோ இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு

ஒவ்வொரு பேனலின் அடியிலும் தனி இன்வெர்ட்டர் வைத்த அமைப்புகள் பலவற்றில் தகவல் வீட்டின் மின்கம்பி வழியாகவே கேட்வேக்கு (எல்லாப் பேனல்களின் தகவலையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கருவி) வருகிறது. மின்சாரத்தின் மேல் மெல்லிய குறுக்கொலி போல அது ஏறி வரும். கைபேசி சார்ஜர், எல்இடி டிரைவர், யுபிஎஸ் எல்லாம் அதே கம்பியில் இரைச்சலைக் கொட்டுகின்றன. நான் பார்த்த ஒரு வீட்டில் தினமும் காலை பத்து மணிக்குக் கூரையின் ஒரு பக்கத்து பேனல்கள் மட்டும் ஆப்பிலிருந்து மறைந்து, மாலை ஆறுக்கு முன் திரும்பி வந்தன. பேனல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் யோசனைவரை போய்விட்டது. கேட்வேயை மாட்டியிருந்த அதே எக்ஸ்டென்ஷனில் ஒரு கணினி யுபிஎஸ் இருந்தது, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் அதைப் பத்துக்கு ஆன் செய்வார். கேட்வேயை மெயின் பெட்டிக்கு அருகில், வேறு எதுவும் இல்லாத தனி பிரேக்கரில் மாற்றினார்கள். அன்று மதியமே எல்லாப் பேனலும் வந்தன. சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன்களும் இதைக் கெடுக்கும், ஏனென்றால் இரைச்சல் என்று நினைத்து அவை தகவலையே வடிகட்டிவிடும்.

மற்றவை சுருக்கமாக. சிம் போட்ட பழைய கேட்வே என்றால் அது 3ஜி-யை மட்டும் நம்பியதா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலும் ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2024 அக்டோபரிலும் 3ஜி-யை மூடின. அப்படி மூடிய இடங்களில் மோடத்தை மாற்றாமல் வழியில்லை. லாகரின் கடிகாரம் தவறினால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை அது ஏற்காது, அல்லது தகவல் வேறு தேதியில் போய் உட்காரும். தேதியையும் நேர மண்டலத்தையும் பாருங்கள். வீட்டில் எதுவும் மாறாமல், அதே நிறுவனத்தின் ஆப் வைத்திருக்கும் எல்லோருக்கும் நின்றிருந்தால் அது சர்வர்; ஒரு நாள் பொறுங்கள், எதையும் தொடாதீர்கள். நுகர்வு மைனஸில் காட்டுவது தொடர்புக் கோளாறு இல்லை, பெரும்பாலும் சிடி கிளாம்ப்பை (கம்பியைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கான வரிசை இது. இன்று மாலை மொத்த யூனிட்டைக் குறித்து வையுங்கள். நாளை காலை வெயில் ஏறியதும், லாகர் விழித்த பிறகு, ரவுட்டரில் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2-வோடு வையுங்கள். ரவுட்டரின் பட்டியலில் லாகர் தெரிகிறதா பாருங்கள், கூடவே லாகரின் பக்கத்தில் நின்று சிக்னலை அளந்துகொள்ளுங்கள். பல லாகர்கள் 5 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும், ஆகவே அரை மணி நேரத்தில் முதல் புள்ளி ஆப்பில் விழ வேண்டும். விழாவிட்டால் லாகரில் எந்த விளக்கு எரிகிறது, எது மினுக்குகிறது, ரவுட்டர் பட்டியலில் அது இருக்கிறதா, சிக்னல் எவ்வளவு என்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். எந்தக் கையில் நிற்கிறது என்பதை அங்கிருந்து பார்க்கலாம்.